பழுத்த இச்சி மரத்தில் ஒரு பகல்

யானையை எப்படி விரட்டுவது என்று வனத்துறைப் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். வெடி எப்படிப் போடுவது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று எப்படிப் பார்ப்பது, எவ்வளவு தூரத்தில் நிற்பது, எல்லாம் வகுப்பில் வந்திருக்கும். அதை நான் திரும்ப ஓதப்போவதில்லை. குற்றாலத்து மலையில் வனச்சரகராக இருந்தபோது யானையை விரட்டாமல் இருந்த ஒரு பகல் எனக்கு உண்டு. தென்காசியில் என்னைப் பார்க்க வருகிற புதுப் பிள்ளைகள் எல்லாரிடமும் அதைச் சொல்லிவிடுவேன். நீங்கள் நேரில் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

சீசன் முடிந்து அருவிக்கரையில் கூட்டம் வடிந்திருந்த நேரம். கடைக்காரர்கள் தகரக் கொட்டகைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். செண்பகாதேவி அருவிக்குப் போகும் பாதையில் மழைக்கு விழுந்த மரங்களைப் பார்ப்பதற்காக மேலே போயிருந்தேன். எங்கள் காவல் குடிலில் உட்கார்ந்து கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது வயர்லெஸ் கரகரத்தது. பேச்சு இல்லை. யாரோ பட்டனை அமுக்குவதும் விடுவதுமாக இருந்தது. "பேட்டரி போயிருக்கும் மேடம்" என்று ஒரு காவலர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

கொஞ்ச நேரத்தில் சுடலைமுத்து ஓடி வந்தார். எங்கள் வேட்டைத் தடுப்புக் காவலர், ஐம்பதை நெருங்கியவர். சட்டை கிழிந்து, முழங்கால் தோல் உரிந்து ரத்தம். மூச்சு வாங்கியதில் முதலில் பேச்சே வரவில்லை.

"மேடம், பிள்ள மரத்துல இருக்கு. கீழ யானை."

பிள்ளை என்று அவர் சொன்னது சண்முகவடிவை. அச்சன்புதூர்ப் பெண், வடிவு என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். காட்டில் வளரும் அத்தி வகை மரங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய முறையாக அனுமதி வாங்கி வந்தவள். ஒரு காவலர் துணை இல்லாமல் உள்ளே போகக்கூடாது என்பது நான் போட்ட நிபந்தனை. அந்தத் துணைதான் சுடலை அண்ணாச்சி.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஓடைக்கரையில் நிற்கும் ஒரு பெரிய இச்சி மரம். ஆலும் அத்தியும் அதற்குப் பங்காளிகள். எந்தக் காலத்திலோ ஒரு பறவை வேறொரு மரத்தின் கவட்டில் எச்சம் போட்டிருக்கிறது. விதை அங்கேயே முளைத்து, வேரைக் கீழே இறக்கி, தாங்கிய மரத்தை வலைபோலப் பின்னிக்கொண்டது. உள்ளே இருந்த மரம் செத்து மக்கிப் போய்விட்டது. இப்போது நடுவில் வெற்றிடம், சுற்றிலும் சன்னல் கம்பி மாதிரி வேர்கள். ஏணியில் ஏறுவதுபோல ஏறலாம்.

அன்று காலை, கொப்புகளில் பழம் எவ்வளவு கனிந்திருக்கிறது என்று பார்க்க வடிவு கொஞ்சம் உயரம் ஏறியிருக்கிறாள். மேலே போனால் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் என்று அண்ணாச்சி தன் வாக்கி டாக்கியை அவளிடம் கொடுத்திருக்கிறார். அவளுடைய பையும் செல்போனும் அடியில் கிடந்தன. அப்போதுதான் யானைகள் வந்தன. நாலைந்து உருப்படி, கூடவே ஒரு குட்டி. முன்னால் வந்த பெரிய பெண் யானை அண்ணாச்சியைப் பார்த்து ஓடிவந்தது. அவர் மரத்தைவிட்டு வேண்டுமென்றே எதிர்த்திசையில் ஓடினார். பள்ளத்தில் உருண்டார். யானை அதற்குமேல் துரத்தவில்லை. இதையெல்லாம் அவர் சொல்லி முடித்தபோதுதான் வயர்லெஸ்ஸில் கேட்ட சத்தம் யாருடையது என்று எங்களுக்குப் புரிந்தது. பேசினால் கீழே நிற்கும் யானைக்குக் கேட்கும். அதனால் அந்தப் பெண் பட்டனை மட்டும் அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

எல்லா வாக்கி டாக்கிகளையும் பேசாமல் வைத்திருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் மெதுவாகப் பேசினேன். "வடிவு, ரேஞ்சர் மேடம் பேசுதேன். நீ பேச வேண்டாம். சத்தத்தை நல்லாக் குறைச்சுக் காதோட வச்சுக்கோ. ஆமான்னா ஒரு தடவை அமுக்கு, இல்லைன்னா ரெண்டு தடவை. கேக்குதா?"

கிளிக். ஒரு தடவை.

"அடிபட்டிருக்கா?"

கிளிக், கிளிக்.

"யானைக்கு எட்டாத உயரத்துல இருக்கியா?"

கொஞ்சம் தாமதித்து ஒரு கிளிக். அந்தத் தாமதம் எனக்குப் பிடிக்கவில்லை.

சுடலை அண்ணாச்சியைக் குடிலில் உட்கார வைத்துவிட்டு மூன்று காவலர்களோடு கிளம்பினேன். பாதி வழி போனபோது பின்னால் ஒருவர் வேகமாக ஏறி வந்தார். வடிவின் அண்ணன் கோமதிநாயகம். ராணுவத்தில் இருப்பவர், லீவில் வந்தவர். தங்கையைத் திரும்பக் கூட்டிப் போக பைக்கோடு அருவிக்கரையில் காத்திருந்தவரிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். திரும்பிப் போகச் சொல்லலாம்தான். ஆனால் அந்த மனநிலையில் ஒரு ஆளைக் காட்டில் தனியாகத் திருப்பி அனுப்புவது கூட வைத்துக்கொள்வதைவிட ஆபத்து. "என் பின்னால வாங்க, நான் சொல்லாம எதுவும் செய்யக் கூடாது" என்றேன். தலையாட்டினார். கண் என் பேச்சில் இல்லை.

மரத்துக்கு எதிரே மேட்டில் ஒரு பாறை உண்டு. காற்று யானைகள் பக்கமிருந்து எங்கள் பக்கம் வீசியது. அதில் படுத்துக்கொண்டு பைனாகுலரில் பார்த்தேன்.

மரம் ஓடைப்பக்கம் சாய்ந்து நின்றது. பாதிக் கிளைகள் தண்ணீருக்கு மேலே. எங்கள் பக்கம் அடிமரத்தை ஒட்டிக் கொஞ்சம் சமதளம். யானைகள் எல்லாம் அந்தச் சமதளத்தில் நின்றன. வடிவு வேர்களுக்கு நடுவில் ஒடுங்கி, துப்பட்டாவைத் தலையோடு போர்த்தி உட்கார்ந்திருந்தாள். பெரிய யானை தும்பிக்கையைத் தூக்கினால் அவள் காலுக்குக் கீழே ஒரு முழம் இடைவெளி இருக்கும். அவ்வளவுதான். அவள் பையை ஒரு யானை ஏற்கனவே கிழித்து, டிபன் பாக்ஸை அப்பளமாக்கியிருந்தது. குட்டி, வேர்களுக்கு இடையே தாயின் காலடியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பாறையில்தான் செல்போனில் சிக்னல் கிடைக்கும். கிடைத்ததும் மேலதிகாரியின் அழைப்பு வந்தது.

"வெடி இருக்குல்ல? போட வேண்டியதுதானே?"

"குட்டி இருக்கு சார். அதுவும் மரத்தடியிலேயே படுத்திருக்கு."

"அதுக்காக? ஒரு பொண்ணு மேல தொங்கிட்டு இருக்கா. நாலு டிவிக்காரங்க போன் பண்ணிட்டாங்க. பொழுது இருக்கும்போதே முடிங்க."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் அதுதான் சரியாகத் தெரியும். ஆனால் பாறையிலிருந்து எனக்கு வேறொன்று தெரிந்தது. நாங்கள் இந்தப் பக்கமிருந்து வெடி போட்டால் யானைகள் அந்தப் பக்கம், ஓடைக்குத்தான் போக வேண்டும். அந்தப் பக்கம் போக, மரத்துக்கும் ஒரு பெரிய பாறைக்கும் நடுவே ஒடுக்கமான ஒரு வழி மட்டும் உண்டு. ஒன்றன்பின் ஒன்றாக நடந்து போக அது போதும். மிரண்டு எல்லாம் ஒரே நேரத்தில் நெருக்கினால் மரத்தின்மேல்தான் மோதும். உள்ளே வெறும் கூடு. மரம் விழாது, ஆனால் வேரில் ஒட்டிக்கொண்டிருக்கிற பெண் விழுவாள். இல்லையென்றால் தாய் யானை குட்டியை விட்டுப் போகாது, மேலும் கோபமாகி அங்கேயே நிற்கும். இரண்டில் எது நடந்தாலும் இப்போதைய நிலைமையைவிட மோசம்.

"சார், நான் பொறுப்பு எடுத்துக்கிறேன். வெடி இப்போ வேண்டாம்" என்றேன்.

"பார்த்துக்கோங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தச் சொல்லின் பொருள் இந்த வேலையில் உங்களுக்கும் ஒரு நாள் விளங்கும்.

இந்தப் பக்கம் திரும்பினால், நாயகம் காவலரின் பையிலிருந்து வெடியை எடுத்துக் கையில் வைத்திருந்தார். தீப்பெட்டியும்.

"மேடம், நீங்க உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கிய. அவ அங்கன செத்துக்கிட்டு இருக்கா. நான் போடுதேன். என்ன வந்தாலும் வரட்டும்."

பிடுங்கப் போனால் கைகலப்பாகும், சத்தம் வரும். காவலர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் என் வாக்கி டாக்கியை அவரிடம் நீட்டினேன்.

"முதல்ல தங்கச்சிகிட்ட பேசுங்க. மெதுவா. அவ பதில் பேச மாட்டா, பட்டனை அமுக்குவா. பேசிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க."

வாங்கிக்கொண்டார். அழுவார், பயப்படாதே என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணை மூடிக் கொஞ்சம் யோசித்தார். பிறகு உதட்டருகே வைத்துச் சொன்னார்.

"ஏட்டி வடிவு, அண்ணன் பேசுதேன். சுடலை அண்ணாச்சி உசுரோட இருக்காவ. பத்திரமா கீழ வந்துட்டாவ. முட்டுலதான் லேசா அடி."

ஒரு கிளிக் கேட்டது. நின்றது. இன்னொன்று. அப்புறம் விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. பைனாகுலரில் பார்த்தேன். அவள் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது.

யானை துரத்த அவர் ஓடியதைப் பார்த்தவள் அவள்தான். பள்ளத்தில் மறைந்த பிறகு என்ன ஆனார் என்று அவளுக்குத் தெரியாது. தனக்காக ஒரு மனிதர் செத்துப்போனார் என்றே அத்தனை நேரமும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நாங்கள் கேட்டதற்கு அவளால் பதில் சொல்ல முடிந்தது. அவளால் கேட்க முடியாது. இது எங்கள் நாலு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று நாயகத்திடம் கேட்டேன்.

"எல்லையில போஸ்ட்ல இருந்திருக்கேன் மேடம். கூட வந்தவன் என்ன ஆனான்னு தெரியாம இருந்தா வேற எதுவும் காதுல ஏறாது."

அதைச் சொன்ன பிறகு கையிலிருந்த வெடியைப் பார்த்தார். காவலரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து படுத்தார். அதற்கப்புறம் அவர் எங்களில் ஒருவர் மாதிரி ஆகிவிட்டார். தங்கையிடம் இடையிடையே ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு இன்னும் தெரியாது என்றார். "கால் மரத்துப் போகும், விரலை அசைச்சுக்கிட்டே இரு" என்றார்.

காத்திருந்தோம். காத்திருப்பது சும்மா இருப்பது என்று நினைக்காதீர்கள். அன்று அந்த ஒரு மரத்தைப் பார்த்த அளவுக்கு என் வேலைக்காலம் முழுக்க எந்த மரத்தையும் நான் பார்த்ததில்லை.

அந்த மாதத்தில் காட்டில் வேறு பழம் கிடையாது. நாங்கள் ஏறிவந்த வழியெல்லாம் பச்சைதான், தின்ன ஒன்றுமில்லை. இச்சி மட்டும் நெல்லிக்காய் அளவுப் பழங்களோடு சிவந்து கிடந்தது. வடிவு முன்பு ஒருநாள் என்னிடம் சொல்லியிருக்கிறாள். "மத்த மரமெல்லாம் காலம் பாத்து ஒண்ணாப் பழுக்கும் மேடம். இது ஒண்ணொண்ணுக்கும் தனிக் காலண்டர். அதனால வருஷத்துல எந்த நாள் பாத்தாலும் காட்டுல எங்கேயாவது ஒரு இச்சி பழுத்திருக்கும். ஒண்ணுமில்லாத மாசத்துல காடே அதை நம்பித்தான் இருக்கும்." அப்போது கேட்டுத் தலையாட்டியதோடு சரி. பாறையில் படுத்திருந்தபோதுதான் அது எனக்குள் இறங்கியது.

உச்சியில் கருமந்திக் கூட்டம். பச்சைப்புறாக்கள் இலையோடு இலையாக இருந்து, பறக்கும்போதுதான் தெரிந்தன. இருவாச்சி ஒன்று வந்தது. பழைய நீராவி எஞ்சின் மூச்சு விடுவதுபோல அதன் இறக்கைச் சத்தம் எங்கள் தலைக்குமேல் போனது. பெரிய அணில் ஒரு கொப்பில் நீளமாகப் படுத்துக்கொண்டு தின்றது. ஓடைக்கு மேலிருந்து பழம் விழும் இடத்தில் மீன்கள் கூட்டமாகத் துள்ளின. யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. அவ்வளவு பழம் இருந்தது.

"இந்த மரம் இல்லேன்னா இதுக எங்க வடகரை வாழைக்குத்தான் வந்திருக்கும், என்ன மேடம்?" என்று நாயகம் கிசுகிசுத்தார். அவர்களுக்கு அங்கே தோட்டம் உண்டு. போன வருஷம் ஒரே ராத்திரியில் பாதி வாழை போயிருந்தது. "ஆமா" என்றேன்.

கருமந்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப்போல வீணாக்கித் தின்கிற பிராணி கிடையாது. ஒரு கடி கடித்துவிட்டு மீதியைப் போட்டுவிடும், அடுத்ததைப் பறிக்கும். கொப்பை உலுக்கும், நாலு விழும். விழுவதெல்லாம் நேர் கீழே, சமதளத்தில். யானைகள் தும்பிக்கையால் அவற்றைத் தடவித் தடவி எடுத்துத் தின்றன. பழம் நிற்காமல் விழுந்தபடி இருந்தால் அவை எதற்காக நகர வேண்டும்? யானைகள் வடிவுக்காக அங்கே நிற்கவில்லை. அவள் அங்கே இருப்பதே ஒருவேளை அவற்றுக்கு மறந்துபோயிருக்கும். மந்தி போடுகிற பழத்துக்காக நின்றன.

வாக்கி டாக்கியை வாங்கினேன்.

"வடிவு, மந்தி எல்லாம் உனக்கு நேர் மேலயா இருக்கு?"

கிளிக்.

"தண்ணிப்பக்கக் கொப்புல பழம் கனிஞ்சிருக்கா?"

கிளிக். உடனே வந்தது. அது அவளுடைய பாடம்.

"நீ அசையாம இருக்கதால மந்தி உன்னைக் கண்டுக்கல. துப்பட்டாவை மெதுவா எடுத்து, மேல மட்டும் தெரியுத மாதிரி கொஞ்சமா அசைச்சுக் காட்டினா, அதுக அந்தப் பக்கக் கொப்புக்கு நகரும்னு நினைக்கேன். ஆனா பயந்து குரைச்சாலும் குரைக்கும். யானைக்குக் கேக்கும். உனக்குச் சம்மதமா? இல்லைன்னா ரெண்டு தடவை அமுக்கு. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

நாயகம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு கிளிக்.

அவள் துப்பட்டாவைத் தலையிலிருந்து இறக்கியதைப் பார்த்தேன். தலைக்குமேல் உயர்த்தி, காற்றில் ஆடுகிற அளவுக்கு அசைத்தாள். கீழ்க்கொப்பில் இருந்த கிழட்டு ஆண் மந்தி ஒன்று கழுத்தை நீட்டிப் பார்த்தது. அப்புறம் அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம். ஒரே ஒரு தடவை. பெரிய யானை காதை விரித்தது. தும்பிக்கை மேலே போய் வளைந்து காற்றைத் தடவியது. வடிவு துப்பட்டாவை மடியில் அமுக்கிக்கொண்டு வேரோடு வேராக ஆனாள். எங்கள் ஐந்து பேரில் யாரும் மூச்சு விட்டதாக நினைவில்லை.

மந்திகள் ஒவ்வொன்றாகத் தாவின. அவசரமில்லாமல், பிடிக்காத ஆள் வந்து உட்கார்ந்ததும் எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போகிறவர்கள்போல, ஓடைப்பக்கக் கொப்புக்குப் போயின. போய்த் தின்னத் தொடங்கின. பழங்கள் இப்போது தண்ணீரிலும் ஓடைக்கரை மணலிலும் விழுந்தன. சளப், சளப் என்று அந்தச் சத்தம் எங்களுக்கே கேட்டது.

சமதளத்தில் மிச்சம் கிடந்ததை யானைகள் பொறுக்கி முடித்தன. ஓரத்தில் நின்ற யானை முதலில் திரும்பி, மரத்துக்கும் பாறைக்கும் நடுவே இருந்த அந்த வழியில் மெல்ல இறங்கியது. பின்னால் இன்னொன்று. பெரிய யானை குட்டியைக் காலால் தொட்டு எழுப்பியது. குட்டிக்கு எழ மனசில்லை. தாய் முன்னால் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தது. கடைசியில் குட்டி தள்ளாடி எழுந்து தாயின் வயிற்றுக்குக் கீழே ஒட்டிக்கொண்டு போனது. போகும்போது தாய் அடிமரத்தை உரசிக்கொண்டு போனது. வடிவு உட்கார்ந்திருந்த வேர் அசைந்ததை நான் பார்த்தேன்.

எல்லாம் தண்ணீரில் இறங்கி, நனைந்த முதுகுகள் தெரிந்த பிறகு, "எங்க பக்கமா இறங்கு. குதிக்காதே" என்றேன். கால் மரத்திருந்தது. மெதுவாகத்தான் இறங்கினாள். நாயகமும் ஒரு காவலரும் குனிந்து போய் அவளைத் தாங்கிக் கூட்டிவந்தார்கள். பாறை மறைவுக்கு வந்ததும் தண்ணீர் கொடுத்தோம். குடித்தாள். அண்ணன் அவள் தலையில் ஒட்டியிருந்த பழச்சதையைத் தட்டிவிட்டார்.

குடிலுக்கு வந்து சேர்ந்ததும் அவள் நேராகச் சுடலை அண்ணாச்சியிடம் போய் அவர் காலடியில் உட்கார்ந்தாள். அவருக்குச் சங்கடம். "எந்திரி தாயி, எனக்கு ஒண்ணுமில்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மேலதிகாரிக்குப் போன் போட்டுச் சொன்னேன். எப்படி விரட்டினீர்கள் என்று கேட்டார். விரட்டவில்லை, மந்தி இடம் மாறியது, யானையும் மாறியது என்றேன். "சரி, முதல்ல அந்தப் பொண்ணை வீட்டுக்கு அனுப்புங்க" என்றார்.

அவள் ஆராய்ச்சியை நிறுத்திவிடச் சொல்லி இரண்டு மூன்று பக்கமிருந்து பேச்சு வந்தது. பாதைக்குப் பக்கத்தில் யானையை இழுக்கிற மரம் எதற்கு, கொப்பைக் கழித்துவிடலாமே என்றும் ஒருவர் சொன்னார். இரண்டுக்கும் மறுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டவர்களை வடகரைத் தோட்டக்காரர்களிடம் பேசச் சொன்னேன். ஒரு மாதம் கழித்து வடிவு திரும்பி வந்தாள். துணைக்கு இரண்டு காவலர்கள் என்று நிபந்தனையை மாற்றினேன். மரத்தில் ஏறுவதற்கு மட்டும் அனுமதி கிடையாது.

பிள்ளைகளே, இதைப் படித்துவிட்டு யானை நிற்கிற இடத்திலெல்லாம் மந்தியைத் தேடாதீர்கள். அந்த மரத்தில், அந்தக் காற்றில், அன்றைக்கு நடந்தது அது. இன்னொரு நாள் அதே மந்தி கூச்சலிட்டு ஊரைக் கூட்டியிருக்கலாம்.

போன தடவை இதைச் சொன்னபோது, ஆலங்குளத்திலிருந்து வந்திருந்த ஒரு புது வனக்காப்பாளர் பெண் கேட்டாள்: "மந்தி நகரலேன்னா என்ன செஞ்சிருப்பிய மேடம்?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, நான் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும்.

மந்தியைப் பற்றிய எண்ணம் எனக்கு வருவதற்கு முன்னால், நாயகம் வெடியைத் திருப்பிக் கொடுத்த பிறகு, வடிவிடம் இன்னொன்று கேட்டிருந்தேன். "பொழுது சாஞ்சாலும் இது போகலேன்னா, ராத்திரி பூரா அங்கேயே இருப்பியாம்மா? நாங்க இந்தப் பாறையை விட்டு நகர மாட்டோம். விடியுத வரைக்கும் உன்கூடப் பேசிக்கிட்டே இருப்போம்."

ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. காற்றும் தண்ணீர்ச் சத்தமும்தான். அப்புறம் ஒரே ஒரு கிளிக்.

அது வந்ததும் என் அவசரம் போய்விட்டது. மந்திகள் அந்த மரத்தில் காலையிலிருந்தே இருந்தன. என் கண்ணில் பட்டது அதற்குப் பிறகுதான்.